பதிவுத் தபால் நின்றபோது தபால் ஊழியர் சங்கங்கள் என்ன செய்தன?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்: 2023-ல் புது அஞ்சலகச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டே புத்தகங்களை மலிவாகப் பதிவு செய்து அனுப்பும் பதிவுப் புத்தகத் தபால் நின்றது, 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலும் தனிச் சேவையாக இல்லாமல் போனது. இவ்வளவு நடந்தும் தபால் ஊழியர் சங்கங்கள் தெருவுக்கு வந்ததாகத் தெரியவில்லையே, அவர்களும் ஒத்துக்கொண்டுவிட்டார்களா, துறையைத் தனியாருக்குக் கொடுப்பது முடிவாகிவிட்டதா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சட்டம் உண்மையில் எதை மாற்றியது என்பது ஒன்று. சங்கங்களால் எதைத் தடுக்க முடிந்தது, எதைத் தடுக்க முடியவில்லை, ஏன் என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

நான் ஆர்எம்எஸ் (ரயில் தபால் பிரிவு) சார்ட்டிங்கில், அதாவது தபாலை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலையில், முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கத்தில் கிளை மட்டத்தில் பொறுப்பில் இருந்திருக்கிறேன், டெல்லி மட்டத்தில் அல்ல. வழக்கறிஞரும் அல்ல. ஆகவே சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது அதில் எழுதியிருப்பதை மட்டும் சொல்கிறேன். என் ஊகம் எது என்பதை அந்தந்த இடத்தில் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சட்டம். அதுவரை நடைமுறையில் இருந்தது 1898-ம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம். புது மசோதா 2023 ஆகஸ்ட் 10 அன்று மாநிலங்களவையில் அறிமுகமானது. டிசம்பர் 4-ல் அங்கேயும், டிசம்பர் 18-ல் மக்களவையிலும் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறியபோது எதிர்க்கட்சி எம்பிக்கள் கூட்டம் கூட்டமாக இடைநீக்கம் செய்யப்பட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் அங்கே விவாதம் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2024 ஜூன் 18 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. பத்திரிகைகளில் அதிகம் பேசப்பட்டது, தபாலை இடைமறித்துப் பார்க்க அதிகாரம் தரும் 9-ம் பிரிவு. பேச வேண்டிய விஷயம்தான். 1986-ல் இதே மாதிரி ஒரு திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமலே வைத்திருந்தார் என்பதை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் கேள்விக்குச் சம்பந்தமான மாற்றங்கள் வேறு.

பழைய சட்டத்தின் 4-ம் பிரிவு கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் உரிமையை அரசுக்கு மட்டுமே கொடுத்திருந்தது. நடைமுறையில் கூரியர்கள் கடிதத்தை ‘டாக்குமெண்ட்’ என்ற பெயரில் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. புது சட்டத்தில் அந்த உரிமையே இல்லை, தபால்தலை வெளியிடும் உரிமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அடுத்தது கட்டணம். சாதாரணக் கடிதம், கார்டு ஆகியவற்றுக்கு அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்பது பழைய சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. அதைத் தாண்ட வேண்டுமானால் நாடாளுமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கார்டு விலை ஏறுவது பட்ஜெட் செய்தியாக வந்தது அதனால்தான். இப்போது கட்டணத்தை நிர்ணயிப்பது அஞ்சல் துறைத் தலைமை இயக்குநர் வெளியிடும் ஒழுங்குமுறை. மூன்றாவதுதான் முக்கியம். பழைய சட்டம் பதிவு, இன்ஷூரன்ஸ், விபிபி (பெறுபவரிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒப்படைக்கும் தபால்), மணியார்டர் என்று சேவைகளைப் பெயர் சொல்லி எழுதி வைத்திருந்தது. புது சட்டம் அப்படிப் பெயர் சொல்லவில்லை. என்னென்ன சேவை உண்டு என்பதை அரசு விதிகள் மூலம் சொல்லும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது சட்டத்தில் உள்ளது, நீங்களே எடுத்துப் படித்துப் பார்க்கலாம். இனிச் சொல்வது என் வாசிப்பு. ஒரு சேவையின் பெயர் சட்டத்தில் இல்லை என்றால், அதை நிறுத்துவதற்கோ மாற்றுவதற்கோ ஒரு சுற்றறிக்கை போதும். சட்டம் 2023 டிசம்பரில் வந்தது. பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பரில் போனது. பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1-ல் ஸ்பீடு போஸ்டுடன் இணைந்தது. இந்த வரிசை உண்மை. இதற்காகவே சட்டத்தைக் கொண்டுவந்தார்கள் என்று நிரூபிக்க என்னிடம் காகிதம் கிடையாது. ஆனால் பழைய சட்டம் இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பதிவுத் தபால் போனதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. சார்ட்டிங் ஆபீசில் பதிவுத் தபாலுக்கென்று கம்பி வலை அடித்த தனி அறை இருக்கும். அரக்கு முத்திரை வைத்த பதிவுப் பை உள்ளே வந்தால் முதலில் முத்திரையையும் கட்டுக் கயிற்றையும் பார்க்க வேண்டும், பிறகுதான் அறுக்க வேண்டும். உள்ளே ஒரு பட்டியல் இருக்கும். ஒருவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் தபாலைப் பார்த்து டிக் அடிப்பார். ஒரு எண் குறைந்தாலும் அந்த ஷிப்டு முடிவதற்குள் அனுப்பிய ஆபீசுக்குத் தகவல் போயாக வேண்டும். ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுக்கும்போதெல்லாம் கையெழுத்து. காணாமல் போனால் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் பதிவு மேஜைக்கு உட்காரும் ஆள் பேசக்கூட மாட்டார். பார்கோடு வந்த பிறகு பட்டியலின் இடத்தை ஸ்கேனர் பிடித்தது, பொறுப்பு மட்டும் அதேதான். கோர்ட் சம்மன், வங்கி நோட்டீஸ், வேலை நியமன உத்தரவு எல்லாம் அந்தக் கையெழுத்துச் சங்கிலியை நம்பித்தான் போயின. பொது உட்கூறுகள் சட்டம் (General Clauses Act) 1897-ன் 27-ம் பிரிவு, சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வதும் அந்த நம்பிக்கையில்தான்.

சரி, துறையின் தரப்பையும் சொல்ல வேண்டும், அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2011-12-ல் 24.44 கோடியாக இருந்த பதிவுத் தபால்கள் 2019-20-ல் 18.46 கோடியாகக் குறைந்துவிட்டன, அதாவது கால் பங்கு போய்விட்டது. பதிவு, ஸ்பீடு போஸ்ட் இரண்டுக்கும் தனித்தனிப் பை, தனித்தனி மேஜை வைத்து ஓட்டுவது செலவுதான். இரண்டையும் ஒரே பாதையில் விடுவது வேலை தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை. பிரச்சினை விலையில் இருக்கிறது. சாதாரண எடையில் ஒரு பதிவுக் கடிதம் வரியோடு சுமார் 26 ரூபாயில் போய்க்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 1 முதல் உள்ளூர் தவிர மற்ற இடங்களுக்கு 50 கிராம் வரை ஸ்பீடு போஸ்ட் 47 ரூபாய், ‘பதிவு’ என்ற கூடுதல் வசதிக்கு 5 ரூபாய், அதற்கு மேல் வரி. இரட்டிப்புக்கும் மேல். ஓய்வூதியத்துக்காகத் தாலுகா ஆபீசுக்கு மனு அனுப்பும் பாட்டிக்கு வேகம் தேவையில்லை, போய்ச் சேர்ந்ததற்கு ஒரு சாட்சி தேவை. அந்தச் சாட்சியை மட்டும் மலிவாக வாங்க இருந்த வழி அடைந்துவிட்டது. அச்சிட்ட புத்தகத்தைக் குறைந்த செலவில் பதிவு செய்து அனுப்பும் வசதி போனதும் இதே கதை. நம் ஊர்ச் சிறுபத்திரிகைகளும் சிறு பதிப்பகங்களும் அந்தத் தபாலை வைத்துத்தான் வாசகரைத் தொட்டுக்கொண்டிருந்தன. 2025 மே 1-ல் ‘ஞான் போஸ்ட்’ என்று ஒன்று வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய் என்று. ஆனால் அது கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கு மட்டும், விளம்பரம் உள்ள இதழ்கள் அதில் வராது.

இனி சங்கங்கள். ‘ஒன்றுமே செய்யவில்லை’ என்பது சரியில்லை. 2022 ஆகஸ்ட் 10 அன்று தபால் ஊழியர்களின் பெரிய சம்மேளனமான என்எஃப்பிஇ உள்ளிட்ட சங்கங்கள் தனியார்மயத்தை எதிர்த்து ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தன. தபால் வேலைகளைத் தனியார் சேவை மையங்கள் வழியாகச் செய்யும் ‘டாக் மித்ரா’ திட்டமும், சேமிப்புக் கணக்குகளை அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கிப் பக்கம் தள்ளிவிடுவார்களோ என்ற பயமும் அதில் முக்கியமாக இருந்தன. எட்டு மாதம் கழித்து, 2023 ஏப்ரல் 25-ல், என்எஃப்பிஇ சம்மேளனத்துக்கும் அதில் பெரிய சங்கமான குரூப் சி ஊழியர் சங்கத்துக்கும் அங்கீகாரத்தைத் துறை ரத்து செய்தது. விவசாயிகள் போராட்டத்துக்கு 30,000 ரூபாய், சிஐடியூவுக்கு 50,000, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 4,935 என்று சங்க நிதியைக் கொடுத்தது 1993-ம் ஆண்டின் சங்க அங்கீகார விதிகளுக்கு விரோதம் என்பது குற்றச்சாட்டு. அந்த விதிகளில் அரசியல் நிதி கூடாது என்று இருப்பது உண்மை. இந்தத் தொகைக்கு இந்தத் தண்டனை சரியா என்று கேட்டால் இல்லை என்பேன். 1954-ல் உருவான பழைய சம்மேளனத்தின் வழி வந்த அமைப்பு அது. மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது அதற்கு நாலு மாதத்துக்குள். இரண்டுக்கும் முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் எதிர்த்துப் பேச வேண்டிய நேரத்தில் பெரிய சங்கம் தன் அங்கீகாரத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது என்பது நடந்த விஷயம்.

அங்கீகாரம் போனால் என்ன, சங்கம் இருக்கத்தானே செய்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். அரசு ஊழியர் சங்கத்துக்கு அதுதான் மூச்சு. சந்தா சம்பளப் பட்டியலிலேயே பிடித்துக் கொடுக்கப்படுவது, கோட்டக் கண்காணிப்பாளரும் மண்டலத் தலைவரும் குறிப்பிட்ட கால இடைவெளியில் அழைத்துப் பேசுவது, பேசியதற்கு மினிட்ஸ் எழுதிக் கொடுப்பது, நிர்வாகிகளுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு, ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் போர்டு, இதெல்லாம் அங்கீகாரத்தோடு வருகிறவை. அது போன மறுநாள், கோட்டச் செயலாளர் அதிகாரியின் அறைக்குள் போனால் தனி நபராகத்தான் போகிறார்.

அடுத்தது வேலைநிறுத்தம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 7-ம் விதி அதைத் தடை செய்கிறது. நடைமுறையில் நோட்டீஸ் கொடுத்து நடத்தியிருக்கிறோம், விலையும் கொடுத்திருக்கிறோம். 1946 ஜூலை 11-ல் தொடங்கிய தபால் வேலைநிறுத்தம் நாட்டையே உலுக்கியது. 1960 ஜூலையில் ஐந்து நாள், 1968 செப்டம்பர் 19-ல் ஒரே நாள். அந்த ஒரு நாளுக்கு எத்தனையோ பேர் வேலையை இழந்து, திரும்பச் சேர வருஷக்கணக்கில் அலைந்தார்கள். 2003-ல் தமிழ்நாடு அரசு ஊழியர் போராட்டத்தில் சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே நேரத்தில் நீக்கியதும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ரங்கராஜன் வழக்கில் சொன்னதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது ஒருநாள் ஸ்டிரைக் என்றால் சம்பளம் போகும், அந்த நாள் ‘டைஸ்நான்’ ஆகும், அதாவது பணி நாளாகக் கணக்கில் வராது. அதற்கு மேல் நீட்டினால் என்னவாகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

பயத்தையும் மீறி நீட்டித்து, ஜெயித்த போராட்டம் ஒன்று உண்டு. 2018 மே 22-ல் கிராமிய டாக் சேவக்குகள் (ஜிடிஎஸ்) ஆரம்பித்தது. கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் உட்கார்ந்திருப்பவரும், சைக்கிளில் தபால் கொண்டு வருபவரும் துறையின் நிரந்தர ஊழியர் அல்ல என்பதே பலருக்குத் தெரியாது. நாலு அல்லது ஐந்து மணி நேர வேலை என்று கணக்கு. ஆபீசுக்கு இடம் அவரே தர வேண்டும், பிழைப்புக்கு வேறு வருமானமும் இருக்க வேண்டும். மற்ற ஊழியர்களைப் போல ஓய்வூதியம் கிடையாது. இவர்கள் வகிப்பதும் அரசுப் பதவிதான் என்று 1977-லேயே ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் சம்பளத்தில் அது வரவில்லை. இவர்கள் சம்பளத்தை ஆராய அமைத்த கமலேஷ் சந்திரா கமிட்டி 2016 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அதை அமல்படுத்தாமல் ஒன்றரை வருஷம் இழுத்தார்கள். அப்போதுதான் எல்லாச் சங்கத்து ஜிடிஎஸ்களும் ஒன்றாக இறங்கினார்கள். பதினைந்து நாளுக்கு மேல் கிராமங்களில் பை அவிழ்க்கப்படவில்லை. முதியோர் பென்ஷனும் நூறு நாள் வேலைச் சம்பளமும் நின்றபோது ஊர் மக்கள் எம்எல்ஏ, எம்பி வீட்டுக்குப் போனார்கள். ஜூன் 6-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதுவரை மாதம் 2,295 ரூபாய் வரை அடிப்படை வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 10,000 என்று ஆனது.

அந்தப் போராட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பதிவுத் தபாலுக்கு வாருங்கள், எங்கே வித்தியாசம் என்பது தெரியும். பதிவுத் தபால் இணைக்கப்பட்டதில் எந்த ஊழியரின் சம்பளமும் குறையவில்லை. யாரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. ஒரு சார்ட்டிங் ஆபீசை இன்னொன்றோடு சேர்க்கும்போதும் இப்படித்தான்: இருக்கிற ஆட்களைப் பக்கத்து ஆபீசுக்கு மாற்றுவார்கள், ஓய்வு பெறுகிறவர் இடத்தை நிரப்ப மாட்டார்கள், இரவு செட் (இரவு ஷிப்டு) ஒன்று சத்தமில்லாமல் நிற்கும். அந்த இரவில் பிரிய வேண்டிய தபால் மறுநாள் பிரியும். நஷ்டம் முழுக்கத் தபாலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு. சங்கத்துக்கு அது ஒரு தீர்மானம், ஒரு வாயிற்கூட்டம், கோரிக்கை அட்டை அணிவது, அதோடு சரி. பல ஊர்களில் விநியோகத்தைச் சின்ன அஞ்சலகங்களிலிருந்து எடுத்துத் தனி மையங்களுக்குக் கொண்டுபோவதும் இதே பாணிதான். அங்கே தபால்காரருக்குத் தூரம் கூடுவதால் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கிறது.

என்னுடைய குறை இங்கேதான். நம் சங்கங்கள் சம்பளக் கமிஷன், பஞ்சப்படி, பழைய பென்ஷன், இடமாற்றம் என்ற கோரிக்கைகளுக்காகக் கட்டப்பட்டவை. அதில் தேர்ந்தவர்கள். சேவையைக் காப்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருக்கும், ஆனால் கடைசியில் இருக்கும். பொதுமக்களிடம் போய் ‘உங்கள் பதிவுத் தபால் போகப்போகிறது’ என்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு வரவே இல்லை. போதாக்குறைக்கு மூன்று சம்மேளனங்கள்: என்எஃப்பிஇ, காங்கிரஸ் தொழிற்சங்கமான ஐஎன்டியூசி சார்ந்த எஃப்என்பிஓ, ஆர்எஸ்எஸ் வழித் தொழிற்சங்கமான பிஎம்எஸ் சார்ந்த பிபிஇஎஃப். அங்கீகாரத்துக்கு முதல் சங்கம் 35 சதவீதம், அடுத்தது 15 சதவீதம் உறுப்பினர் காட்ட வேண்டும் என்பதால் உறுப்பினர் சரிபார்ப்பு வருஷம் வந்தால் ஒருவர் ஆளை ஒருவர் இழுப்பதிலேயே நேரம் போகும். அமெரிக்காவில் தபால் ஊழியருக்கு வேலைநிறுத்தம் சட்டப்படி அறவே கிடையாது. ஆனால் 2013 பிப்ரவரியில் சனிக்கிழமைக் கடித விநியோகத்தை நிறுத்தப்போவதாகத் தபால் துறை அறிவித்தபோது, தபால்காரர் சங்கம் மார்ச் 24 அன்று எல்லா மாநிலங்களிலும் பொதுமக்களோடு பேரணி நடத்தியது. ஆறு நாள் விநியோக நிபந்தனையை அவர்கள் நாடாளுமன்றம் தளர்த்தவில்லை, ஏப்ரலில் திட்டம் கைவிடப்பட்டது. பேரணி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர்களிடம் பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. 2022-ல் வந்த அவர்களது சீர்திருத்தச் சட்டத்தில் ஆறு நாள் விநியோகத்தை நிரந்தரமாகவே எழுதிவிட்டார்கள். நம் சங்கங்கள் புது சட்டத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டியதும் அந்த மாதிரி ஒரு வரிதான்: எந்தக் கிராமத்துக்கும் குறைந்தபட்சம் என்னென்ன சேவை, என்ன விலைக்குள், வாரத்துக்கு எத்தனை நாள்.

தனியார்மயமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். சட்டத்தில் துறையை விற்கவோ கம்பெனியாக்கவோ எந்த வரியும் இல்லை. அப்படி எழுதுகிறவர்கள் தங்கள் பயத்தைச் சட்டம் என்று சொல்கிறார்கள். நாட்டில் இருக்கும் 1.6 லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்களில் பெரும்பான்மை கிராமங்களில் இருக்கிறது, அதை விலை கொடுத்து வாங்க எந்த முதலாளியும் வரிசையில் நிற்கவில்லை. என் பயம் வேறு: லாபம் வரும் பார்சலும் வங்கி வேலையும் துறைக்குள் வளரும், கடிதமும் கார்டும் கவனிப்பாரில்லாமல் தேயும், அப்புறம் ‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்று கணக்குக் காட்டி ஒரு சுற்றறிக்கை வரும். இது ஊகம்தான். பதிவுப் புத்தகத் தபாலும் பதிவுத் தபாலும் போன விதத்தைப் பார்த்த பிறகு வருகிற ஊகம்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் உபயோகப்படும் ஒன்று. வக்கீல் நோட்டீஸ், வாடகை நோட்டீஸ் மாதிரி சாட்சி தேவைப்படும் தபாலை இப்போது அனுப்பும்போது வெறும் ஸ்பீடு போஸ்ட் என்று கொடுத்துவிடாதீர்கள். கவுண்டரில் ‘பதிவு வசதியோடு’ என்று சொல்லுங்கள், அப்போதுதான் பெறுபவரிடமோ அவர் எழுதிக் கொடுத்து அனுமதித்தவரிடமோ மட்டும் தர வேண்டும் என்ற பொறுப்பு வரும். ரசீதில் அந்த ஐந்து ரூபாய் தனியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். உங்கள் பகுதியில் விநியோகம் தாமதமானாலோ, தபால் பெட்டி எடுக்கப்பட்டாலோ கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள், டாக் அதாலத் (தபால் குறைகேட்புக் கூட்டம்) அறிவிப்பு வரும்போது அதிலும் மனுப் போடுங்கள். உள்ளூர்ச் சங்கச் செயலாளருக்கும் ஒரு நகல் கொடுங்கள். ‘பொதுமக்களிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை’ என்று அதிகாரி எழுதும்போது எடுத்துக் காட்ட எங்கள் ஆட்களிடம் பெரும்பாலும் ஒரு காகிதம்கூட இருப்பதில்லை.